அவள் சொன்னபடியே

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு ராணுவ அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். பாலியல் அத்துமீறல் புகார் கொடுக்கும் பெண்களுக்குத் துணையாக, நரைத்த தலையோடு ஒரு நர்ஸ் மேஜர் வருவார். கையில் எப்போதும் ஜீரக வெந்நீர் பிளாஸ்க் இருக்கும்.

ஒருநாள் ஓர் இளம் நர்ஸ் தன் மேலதிகாரி செய்ததை அழுதபடி சொன்னாள். விசாரணை அதிகாரி என்னிடம், "தவறாக நடந்தார்னு அடிச்சாப் போதும்" என்றார்.

"அவ சொன்னதை அப்படியே அடி, மோளே" என்றார் மேஜர். மலையாளத்தில் என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார்.

அடித்தேன். மேலதிகாரிக்கு வேலை போனது. அதன்பின் கேன்டீனில் மேஜரோடு யாருமே உட்காரவில்லை.

"கஷ்டமா இல்லியா மேடம்?" என்று ஒருநாள் அங்கே அவர் மேசையருகே நின்று கேட்டேன்.

"உண்டு. நீ கொஞ்சம் இரியேன்."

சுற்றிலும் பார்த்தேன். "வேலை இருக்கு மேடம்" என்று நகர்ந்துவிட்டேன்.

அந்த மாதமே அவருக்கு மாற்றலானது. எதற்கும் அஞ்சாத அந்த மனுஷி என்னிடம் கேட்டது பத்து நிமிஷத் துணை மட்டும்தான்.