கிணற்றடிச் சேறு

தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் வயதானவர்களை அழைத்துப் பேசச் சொல்வது வழக்கம். இந்த வருடம் என்னைக் கேட்டார்கள். சின்னச் சின்ன உதவிகள் பிறருடைய வாழ்வில் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கின்றன என்பதுதான் தலைப்பு. வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் பேசிப் பிழைத்தவனுக்கு இது கடினமாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் முதலில் நினைவுக்கு வந்த சம்பவம் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று சொல்லக்கூடியதல்ல. எழுதிக் கொடுக்கிறேன், யாராவது வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். இரணைமடுக் குளத்தின் கீழே குடியேற்றத்தில் ஐயாவுக்கு வயற்காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வரும்போது அலுமாரி, கதிரைகள், மாதா சுரூபம் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றி வந்தோம். சாதியையும் கொண்டுவந்தோம். அதற்கு லொறியில் இடம் தேவைப்படவில்லை.

வயல் வேலைக்கென்று ஐயாவோடு வந்த குடும்பங்கள் வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தன. அவர்களும் எங்களைப் போல வேதக்காரர்தான். அதே கோயில், அதே பூசை. அவர்கள் மட்டும் பின்னால் வாசலோரம் நிலத்தில் இருப்பார்கள். எங்கள் கிணற்றில் அவர்கள் கைவைக்கக் கூடாது. எங்கள் ஆட்களில் யாராவது அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு வேலியோரம் நிற்கவேண்டும். முந்தின வருடம் பக்கத்து வளவில் ஒரு பொடியன் வாளியைத் தொட்டுவிட்டான். அவனுடைய குடிசை எரிந்தது. யார் எரித்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

அம்மா இரக்கமுள்ளவர் என்று பெயரெடுத்தவர். மற்ற வளவுகளில் வெயிலில் நிற்கவைப்பார்கள். அம்மா குடத்தைக் கண்டவுடன் குசினி வேலையை விட்டுவிட்டு வருவார். காலையும் பின்னேரமும் தவறமாட்டார். ஆனால் வாளி குடத்தில் முட்டிவிடக் கூடாது. அதனால் கையை உயர்த்தி மேலிருந்துதான் வார்ப்பார். பாதித் தண்ணீர் வெளியே கொட்டும். எந்தக் கோடையிலும் அந்த இடம் மட்டும் சேறாகவே கிடக்கும்.

அந்த வருடம் மழை இல்லை. குளத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். வாய்க்காலில் எருமைகள் படுத்தெழும்பிய குழிகளில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் நின்றது. அயலில் எங்கள் கிணறு மட்டும் வற்றவில்லை.

பெரிய வியாழக்கிழமை வந்தது. ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, அன்று பின்னேரப் பூசையில் சுவாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். அந்த வருடம் பொடியன்களைத் தெரிந்தெடுத்தார்கள். நானும் ஒருவன். முதல்நாளே அக்கா என்னைக் கல்லில் இருத்தித் தேங்காய்த் தும்பால் காலைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள்.

“இந்தக் காலைக் கழுவினா சுவாமி பிறகு பூசை வைக்கேலாது. குளிச்சிட்டுத்தான் வரவேணும்.”

“அதுக்குத்தானே நீ கழுவுறாய். அவர் சும்மா நனைக்கட்டும்,” என்றேன்.

கழுவப்படப் போகும் காலைக் கழுவிக்கொண்டு போவதில் எங்கள் இருவருக்கும் எந்த வினோதமும் தெரியவில்லை.

மறுநாள் பீடம் சோடிப்பதற்காக வீட்டார் எல்லோரும் முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டார்கள். படலையைத் திறந்துகொண்டே அம்மா சொன்னார்: “அவள் தண்ணிக்கு வருவாள். மறக்காமல் ரண்டு வாளி வார்த்துப்போட்டு வா. பிள்ளைக்குச் சுகமில்லையாம்.”

நான் வெள்ளைச் சட்டை போட்டு வெளிக்கிட்டு வரும்போது, நாள்தோறும் எங்களிடம் தண்ணீருக்கு வரும் வாய்க்கால் கரைப் பெண் வேலியோரம் நின்றார். என் அம்மாவின் வயதுதான் அவருக்கு. நான் அவரை ‘நீ’ என்பேன். அவர் என்னை ‘நயினார்’ என்பார். அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“சின்ன நயினார், ஒரு வாளி வார்த்துவிடுங்கோ. பொடியனுக்கு விடிய விடிய வயித்தாலை போனது. தண்ணி தண்ணி எண்டு அனுங்கிறான்.”

கிணற்றடியைப் பார்த்தேன். வெயிலில் சேறு மினுங்கியது.

“காலில சேறு படும். எனக்கு இண்டைக்குக் கால் கழுவுறது. பூசை முடிய அம்மா வந்து வார்ப்பா.”

“அந்தக் கல்லில நிண்டு வாருங்கோ, படாது. நான் குடத்தைத் தள்ளி வைக்கிறன்.”

“ஏலாது எண்டெல்லோ சொல்லுறன்.”

ஒழுங்கை வழியே கோயிலுக்கு நடந்தேன். முடக்கில் திரும்பிப் பார்த்தேன். வளவில் ஒரு குருவி இல்லை. கயிறும் வாளியும் கிணற்றுக் கட்டில் இருந்தன. அவர் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அயல் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

சுவாமியார் முழங்காலில் நின்று என் வலது காலில் தண்ணீர் வார்த்தார். ஒரு சொட்டும் நிலத்தில் விழாமல் கோயில் மூப்பர் கீழே பேசின் பாத்திரத்தைப் பிடித்திருந்தார். பிறகு துவாயால் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். பன்னிரண்டு பேரிலும் என் கால்தான் சுத்தம் என்று அக்கா சொன்னாள். வீட்டுக்கு வந்தபோது வேலியோரத்தில் அவர் இல்லை. தண்ணீர் வார்த்தாயா என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் தண்ணீருக்கு வரவில்லை. அம்மா இரண்டுமுறை வேலியை எட்டிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டார். சிலுவையில் ஆண்டவர் தாகத்தில் தவித்ததைச் சுவாமியார் பிரசங்கித்தபோது பெண்கள் அழுதார்கள். அம்மாவும் அழுதார். கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் பிள்ளை செத்திருக்கிறான்.

சனிக்கிழமை விடிய வயல்காரர் ஒருவர் வந்து ஐயாவிடம் சொன்னார். வாய்க்கால் குழித் தண்ணீரைக் கொடுத்தார்களாம், அதற்குப் பிறகு வயிற்றோட்டம் நிற்கவேயில்லையாம், இரவே புதைத்தும்விட்டார்களாம். வியாழன் இரவிலிருந்து சனி இரவுப் பாஸ்காவரை கோயில் மணி அடிப்பதில்லை. அவனுக்கும் அடிக்கவில்லை.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார். குடிசைக்குள் போகவில்லை, முற்றத்தில் நின்றார். அந்தப் பெண் நிலத்தில் இருந்தார். மடியில் அவருடைய மகள், ஒரு சின்னப் பெட்டை, படுத்திருந்தாள்.

“ஏனடி குழித் தண்ணியைக் குடுத்தனீ? வியாழக்கிழமை இவன் வார்த்தவன்தானே?”

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஐயாவின் இடுப்புப் பட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

“வார்த்தவர், நாச்சியார். அது போதாமல் போச்சு.”

அம்மா என் தலையில் கை வைத்தார். திரும்பி வரும் வழியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இனி ரண்டு காணாது. மூண்டு வாளி வார்ப்பம்,” என்றார்.

அந்த நிலைமையில் எந்தத் தண்ணீரைக் குடித்திருந்தாலும் பிள்ளை தப்பியிருப்பான் என்று சொல்லமுடியாது என்று பிற்காலத்தில் ஒரு வைத்திய நண்பர் சொன்னார். அந்த வசனத்தில் பல வருடங்கள் சாய்ந்திருந்தேன். அது பாரம் தாங்கவில்லை. சின்ன உதவி பெரிய மாற்றத்தைச் செய்யும் என்பதை நான் இப்படித்தான் அறிந்தேன், அதைச் செய்யாமல் விட்டதால். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தத் தண்ணீர் நாங்கள் உண்டாக்கியதல்ல. கடவுள் கொடுத்ததைக் கயிற்றால் கட்டிவைத்துக்கொண்டு, அதில் இரண்டு வாளியைத் திருப்பிக் கொடுப்பதற்கு நாங்கள் இரக்கம் என்று பெயர் வைத்திருந்தோம்.

உயிர்த்த ஞாயிறு காலை அவர் குடத்தோடு வந்தார். சேலையைப் பிடித்துக்கொண்டு பெட்டையும் வந்தாள். நானே ஓடிப்போய், சேற்றில் இறங்கி நின்று, குடம் வழிய வழிய வார்த்தேன்.

“காணும் நயினார்,” என்று போதுமெனக் கையைக் காட்டினார்.

அவர் என்மேல் இரங்கி, எனக்கு அடி விழாமல் காப்பாற்றினார் என்றுதான் அன்று நம்பினேன். இன்றும் சில நாட்களில் அப்படி நம்பப் பார்க்கிறேன். அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு பிள்ளை. வேறு கிணறு கிடையாது. என்னைக் காட்டிக்கொடுத்த வாயோடு மறுநாள் எங்கள் வேலியோரம் வந்து நிற்க முடியுமா என்று, மகனைப் புதைத்த கையோடு அவர் யோசிக்கவேண்டியிருந்தது. பத்து வயதில் இது எனக்கு விளங்கவில்லை. என்னைக் காப்பாற்றியதற்காகக் கடவுளுக்கு ஒரு செபம் சொல்லிவிட்டு, அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.