யுக்சிம் அக்காவின் திங்கட்கிழமைப் படம்

ரோட்டர்டாமில் எங்களைப் போன்ற சீன உணவகச் சமையற்காரர்களுக்கு வாரத்தில் ஒரே விடுமுறை திங்கட்கிழமைதான். அன்று மதியம் ஆற்றோரத் திரையரங்கில் யுக்சிம் அக்கா எங்களுக்காகச் சீனப் படம் போடுவாள். மற்ற நாட்களில் அவளுக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் வேலை. கால் வீங்கிப்போய்த்தான் வாசலில் நிற்பாள்.

படம் நல்ல படமா என்று என்னைக் கேட்காதீர்கள். விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவேன். நான் மட்டுமில்லை, வாத்து வாட்டுகிற ஹங்ஃபாய் கூடத்தான்.

"டிக்கெட்டும் இலவசம், படுக்கையும் இலவசமாடா? குறட்டைய மட்டும் கொஞ்சம் மெதுவா விடுங்க, மத்தவங்க தூங்குறாங்க" என்பாள். ஆனால் படம் முடிந்த பிறகும் ஒருவரையும் எழுப்பமாட்டாள். தானாக எழுந்தால்தான் உண்டு.

அரங்கத்துக்கு வாடகை கட்டுவது எங்கள் சீனர் சங்கம். தலைவர் மாக்குக்கு இந்தத் தூக்கம் கண்ணை உறுத்தியது.

"தூங்கறதுக்காம்மா சங்கம் படம் போடுது?"

"தூங்கினா என்ன தலைவரே, வராங்கல்ல. திங்கட்கிழமைய மட்டும் எடுத்துடாதீங்க."

"சீனாவுலேர்ந்து அதிகாரிங்க வர்ற சனிக்கிழமை அரங்கத்த நிரப்பிக் காட்டு. அப்புறம் பேசலாம்."

அக்கா நம்பினாள். தன் வேலை முடிந்து வந்து, மாஜாங் விளையாடுகிற மாமிகள், சீனப் பள்ளிக்கூடத்து அம்மாக்கள், தேவாலயத்துப் பாட்டுக் கோஷ்டி என்று ஒருத்தர் விடாமல் கூப்பிட்டாள். காலில் விழாத குறைதான்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போக முடியுமா? அதிகாரிகளுக்கு அன்றைய விருந்தே எங்கள் உணவகத்தில்தான். அடுப்படியில் மீன் அவித்துக்கொண்டிருந்தோம். அங்கே என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம், எங்கள் சங்கத்து வழக்கம் அப்படி. முதலில் பேச்சு, அப்புறம் பரிசு, அப்புறம் சிவப்புப் பதாகையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரு போட்டோ. போட்டோ எடுத்த கையோடு சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். அக்கா மட்டும் படம் முடியும்வரை இருந்துவிட்டு உணவகத்துக்குக் கடைசியாக வந்தாள். உள்ளே இரண்டு டச்சுக் கிழவிகள் மட்டும்தான் உட்கார்ந்து பார்த்தார்களாம்.

மாக் சந்தோஷம் தாங்காமல் அடுப்படிக்கே வந்து போனில் அந்தப் போட்டோவைக் காட்டினார்.

"பாருங்கப்பா, ஒரு நாற்காலி காலியில்ல! இனிமே எல்லாப் படமும் சனிக்கிழமைதான்."

அவருக்குப் பின்னால் அக்கா, கழற்றாத கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என் கையில் இருந்தது கத்தியில்லை, வெறும் கரண்டி, மாக்குக்கு நல்ல நேரம்.

அடுத்த திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் எல்லோரும் அரங்கத்துக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். போனில் சொல்லியிருக்கலாம், நேரில் சொல்லவென்று வந்திருக்கிறாள்.

"நிரப்பிக் காட்டுன்னான், நிரப்பினேன். அதாலயே போச்சுடா" என்றாள்.

ஹங்ஃபாய்தான் கேட்டான்:

"அப்ப நாங்க எங்கக்கா தூங்குறது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பையை நகர்த்தி இடம் விட்டாள். ஆற்றுக் காற்று குத்தியது, ஆனாலும் நாங்கள் வரிசையாகப் படியில் உட்கார்ந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா சுவரில் தலையைச் சாய்த்தாள், அப்படியே தூங்கிப்போனாள். இத்தனை வருடத்தில் அவள் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தோம், யாரும் அவளை எழுப்பவில்லை.