பாலத்தில் சிக்கிய டிரம்மர்

எங்கள் ராக் இசைக்குழுவில் நான்தான் பாடகன். குரலுக்காக அல்ல, மற்ற மூவருக்கும் வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது.

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் வரும் மலேசிய நகரமான ஜோகூர் பாருவில் ஒரு கிளப்பில் எங்களுக்கு முதல் மேடை கிடைத்தது. சனிக்கிழமை மாலை. டிரம்மர் கணேசனுக்கு அன்றும் சிங்கப்பூரில் வேலை. மேடையேறும் நேரத்தில் போன் செய்தான்.

"மச்சான், ஜோகூர் பாலத்துல டிராஃபிக் ஜேம். மோட்டார் பைக் நகரவே மாட்டேங்குது."

இப்போதே தொடங்காவிட்டால் அடுத்த குழுவை ஏற்றிவிடுவதாகக் கிளப் முதலாளி சொல்லிவிட்டார்.

ராக் நட்சத்திரம்போலப் பேசக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு வாயில் வந்தது இதுதான்: "சாரி, டிரம்மர் பாலத்துல மாட்டிக்கிட்டான் லா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர்களில் பாதிப் பேர் தினமும் அந்தப் பாலத்தைக் கடப்பவர்கள். வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த ஓர் அக்கா, "நானும் இப்பதான் அங்கேருந்து தப்பிச்சு வந்தேன். நீ பாடு தம்பி, நாங்க தட்டுறோம்" என்று மேசையில் தாளம் போட்டார். பக்கத்து மேசையும் சேர்ந்துகொண்டது. பிறகு கிளப் முழுவதும் தட்டியது. நான் சுருதி தவறியபோதும் அவர்கள் தாளம் தவறவில்லை.

மூன்றாம் பாட்டில் கணேசன் ஹெல்மெட்டோடு ஓடி வந்தான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிரம்மும் மேசைகளும் ஒன்றாக முழங்கியபோது என் நெஞ்சு அதிர்ந்தது. முதலாளியே இன்னொரு பாட்டு கேட்டார்.

மேடையில் நிற்பவன் வேறு, கீழே இருப்பவர்கள் வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்கள் சிரித்ததோ, பல வருடங்களாக அந்தப் பாலத்து நெரிசலில் என்னோடு ஒரே வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பதுபோல இருந்தது.