அம்மாவின் அடக்கத்தில் அப்பா பாடியது

என் அப்பா பாடினால் சாவு வீட்டில் அழாதவர்கள் கிடையாது. ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். அடக்கப் பூசைக்குத் திண்டிவனத்திலிருந்துகூட வண்டி எடுத்து வந்து கூட்டிப்போவார்கள். ஆர்மோனியம்கூட இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஆரம்பிப்பார். சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் ஆண்களே துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

வீட்டில் அவர் அம்மாவோடு பேசமாட்டார்.

நான் எட்டாவது படிக்கும்போது, ஈஸ்டர் ராத்திரி பாஸ்கா பூசையன்று அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பங்குச் சாமியார் கேட்டதால் அம்மா பாடினாள். பூசை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இவ்ளோ நாளா இந்தக் குரல எங்க வச்சிக்கினு இருந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டது அப்பா காதிலும் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே கோயில்ல வாயத் தெறந்த, நான் அங்க கால் வைக்க மாட்டேன்" என்றார். அம்மா அதன்பிறகு பாடவே இல்லை. அப்படியும் அவர் கோபம் தீரவில்லை. சோறு வேண்டுமென்றால் என்னிடம், "உங்கம்மாவ போடச் சொல்லு" என்பார். அவள் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போனது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பதினோரு நாள் கிடந்தாள். அப்பா ஒரே ஒரு நாள் வந்து கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். கடைசி நாள் காலையில், இனி தாங்காது என்று டாக்டர் சொன்னதும் போன் செய்தேன்.

"ப்பா, ஜல்தியா வாங்க. அம்மா உங்களத்தான் தேடுது."

"கண்டமங்கலத்துல ஒரு அடக்கம். பாட ஆள் இல்ல. முடிச்சிட்டு வர்றேன்."

அவர் அங்கே பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா போய்விட்டாள்.

மறுநாள் அம்மாவின் பெட்டிக்கு முன்னாலும் பாடினார். அவர் அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. சாமியாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்பாவின் தங்கை என் முதுகில் இடித்தாள்.

"அழுவுடி. பெத்தவள அனுப்பறப்ப கல்லு மாதிரி நிக்கற. எங்கண்ணன் எப்டி உருகுது பாரு."

"உயிரோட இருக்கறப்ப ஒரு வார்த்த பேசியிருக்கலாம், அத்த."

"இந்த நேரத்துல பேசற பேச்சா இது?" என்று என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

யாரோ அப்பா பாடியதைப் போனில் பிடித்து, 'மனைவிக்காகக் கண்ணீரோடு பாடும் கணவர்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். ஊர் ஊராகப் போனது. அடுத்த திருவிழாவில் அப்பாவை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். கைகூப்பி வாங்கிக்கொண்டார்.

போன மாதம் திண்டிவனத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன்சீட்டுப் பெண் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் கேட்டாள். பாதிப் பாட்டில் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அம்மாவை நினைத்து அழுதேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அழ வைத்தது அந்தக் குரல்தான். என்மீதே அருவருப்பாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்து, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, "இப்டி ஒரு புருசன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், இல்லக்கா?" என்றாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.