கள்ளக்குறிச்சி அலை மிஷின்

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு மிஷின் செய்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு அந்த ஆளைத்தான் கட்டி வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. காயில் சுற்றுவது நான், மற்றதெல்லாம் என் வீட்டுக்காரர். கடலூர்ப் பக்கம் ஒரு மீன் இறங்குதுறைக்கு மோட்டார் பழுது பார்க்கப் போனவர், அலையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். "சும்மா ஏறி எறங்கிக்கினே கீதுடி. அத்த வெச்சி ஒரு பல்பு எரிய வெக்க முடியாதா?" என்று சோற்றில் கை வைத்தபடி கேட்பார்.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் அலையில் ஏறி இறங்கிக் கயிற்றை இழுக்கும். கயிறு ஒரு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் நான் காயில் கட்டிய சின்ன ஜெனரேட்டரைச் சுற்றும், பேட்டரி ஏறும். அந்தத் துறையில் மீன் ஏலம் விடுகிறவருக்கு விடியலில் வெளிச்சம் வேண்டும். உப்புக்காற்றில் கரண்ட் ஒயர் நிற்பதில்லை. "ஒரு மாசம் எரிஞ்சா வாங்கிக்கறேன்" என்றார்.

இது விற்றால் பார்ப்போம், இல்லாவிட்டால் மஸ்கட்டில் பம்பு மெக்கானிக் வேலை என்று வீட்டில் பேச்சு. விசா தயாராக இருந்தது. "போய்ட்டு வாங்க, நான் நிம்மதியா இருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். உள்ளுக்குள் ஒரே பயம். அவர் இல்லாத கடையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதலில் ஓட்டிப் பார்த்தது நைனார்பாளையத்தில், என் அம்மா வீட்டுக் கிணற்றில். கிணற்றில் ஏது அலை? எருமை மாதிரி வளர்ந்த என் தம்பிகள் இரண்டு பேரும் மேலிருந்து மாறி மாறிக் குதித்தார்கள். பல்பு எரிந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அதே ஜோரில் துறைக்குப் போய், தூணில் மிஷினை மாட்டி, அப்போது தண்ணீர் இருந்த மட்டத்துக்குக் கயிற்றை அளந்து இறுக்கிக் கட்டிவிட்டு வந்தோம். கிணற்றில் கோடையில்தானே தண்ணீர் இறங்கும். இறங்கினால் மோட்டாரைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்வோம். அந்தப் பழக்கம்தான். ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியதும் ஏலக்காரர் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாங்க, ஒங்க டிரம்மு அந்தரத்துல தொங்கிக்கினு கீது."

"தண்ணி எங்கங்க போச்சு?"

"எறங்கிடுச்சு. தெனமும் ஏறும், எறங்கும். கடலுங்க அது. ஒங்க ஊரு கெணறுன்னு நெனச்சீங்களா?"

பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மா வரைக்கும் சிரித்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கடலுக்கு மிஷின் செய்றவரு, கடலு இன்னா செய்யும்னு ஒருத்தரயாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்று அங்கேயே சத்தம் போட்டேன். காதில் வாங்கினால்தானே! "கயித்தோட அந்தாண்ட முனையில ஒரு வெயிட்டு தொங்கவுட்டா?" என்றார். கப்பியில் ஒரு குடம் இறங்கினால் இன்னொன்று ஏறுமே, அந்த மாதிரி. தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் டிரம் அதன்மேலேயே மிதக்கும், கயிறும் தொய்யாது. என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பாதி போய்விட்டது. மறுநாள் காலையில் நானே ஒரு பழைய கேனில் சிமெண்ட்டைக் குழைத்து ஊற்றினேன்.

அதைக் கயிற்றில் தொங்கவிட்டு வந்து ஒரு மாதம் முடிந்ததும், விடியும் நேரத்துக்குத் துறையில் போய் நின்றோம். எங்கள் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் நெத்திலியைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் விளக்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஏலக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "இத்த நான் எடுத்துக்கறேன். பக்கத்துத் துறையிலயும் ரெண்டு கேக்கறாங்க. ஆனா, கெட்டுப்போனா வந்து பாக்க ஆளு வேணும். நீங்க ஊர்லதான இருப்பீங்க?"

என் வீட்டுக்காரர் டீ கிளாஸோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். இதை நம்பி இருந்துவிடுவதா, கிடைத்த வேலைக்குப் போவதா என்று அவர் தடுமாறுவது முகத்திலேயே தெரிந்தது.

"இருப்பாருங்க" என்றேன், அவர் வாயைத் திறப்பதற்குள்.