கிளட்ச் சாப்பிடவில்லை

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளிடம் சத்தம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அப்பா ஆக்சிலேட்டரைத் திருகினால் எங்கள் ஊர் பெக்கான் நானாஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரி கத்தும். வண்டி மட்டும் ஏதோ யோசித்தபடி நகரும். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அந்த ஏற்றத்தில் ஒருநாள், கூடை நிறையக் கீரையோடு சைக்கிள் மிதித்து வந்த வயதான சீன அம்மா எங்களை முந்திக்கொண்டு போனார். சும்மாவும் போகவில்லை, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவருக்குக் கை காட்டினேன். அப்பா காட்டவில்லை.

அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வண்டி அது. அம்மா அதை ‘மூத்தவ’ என்றுதான் சொல்வார். மூத்தவளுக்கு உடம்பு சரியில்லை என்றதும் எல்லோரையும்விட அக்கறையாக வைத்தியம் பார்க்க வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் ஒரு கார் பட்டறையில் வேலை. அங்கே அவர் காரைக் கழுவித் துடைக்கிறார் என்று அம்மா சொல்வார். மாமா சொல்லும்போது அது வேறு வேலையாக இருக்கும்.

சனிக்கிழமை தோறும் மாமா வருவார், வந்ததும் ஒரு நோயைக் கண்டுபிடிப்பார். முதல் வாரம் கிளட்ச் கேபிள் தளர்ந்துவிட்டது என்று வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினார். திங்கட்கிழமை வண்டி முன்னைவிட மோசமாகக் கத்தியது, அப்பா வழியிலேயே நிறுத்திப் பழையபடி தளர்த்திக்கொண்டார். அடுத்த வாரம் செயின். அதற்கடுத்த வாரம் கார்புரேட்டர். நடுவில் அம்மா தன் பங்குக்கு, கண் பட்டிருக்கும் என்று எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். தீபாவளிக்கு மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து தன் கையாலேயே ஊற்றிய உயர்ந்த ஆயிலைத் தவிர, வண்டியில் இருந்த மற்ற எல்லாவற்றின் மேலும் எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

அப்பாவுக்கு அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் அவர் போக வேண்டும். இரண்டு முறை தாமதமாகி, மூன்றாவது முறை மேலாளர் கூப்பிட்டுப் பேசிய அன்று, அப்பாவும் அம்மாவும் சமையலறையில் பேசியதை நான் கேட்டுவிட்டேன். இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வண்டியை விற்றுத் தள்ளிவிடுவது, என்னைப் பாலோவில் இருக்கும் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைப்பது என்று முடிவாகியிருந்தது. அத்தை வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம். அத்தை நல்லவர்தான். ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் எழுந்திருக்க விடமாட்டார், நானோ சாப்பாடு என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற பிள்ளை.

கடைசியில் அப்பா மாமாவுக்குத் தெரியாமல் டவுனில் பட்டறை வைத்திருந்த சீன முதலாளியிடம், எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுகிறவரிடம் போனார், நானும் கூடப் போனேன். தவுக்கே வண்டியை மேல் கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிளட்ச்சை விட்டார். நல்ல வண்டியாக இருந்தால் அந்த இடத்திலேயே அணைந்திருக்கும். எங்கள் வண்டி நின்ற இடத்தில் நின்றபடி உறுமிக்கொண்டே இருந்தது. தவுக்கே தலையை ஆட்டினார்.

“கிளட்ச் தா மக்கான் லா.”

வீட்டுக்கு வந்து அப்பா அதை அம்மாவிடம் அப்படியே சொன்னார்: “கிளட்ச் மக்கான் பண்ணலையாம்.”

கிளட்ச்சுக்குள் இருக்கும் பிளேட் பிடிக்கவில்லை என்பது அதற்குப் பொருள். மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் இந்த ஊரில் பட்டறைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது எப்படித் தெரியும்? மலாயில் மக்கான் என்றால் சாப்பாடு, தா என்றால் இல்லை. கிளட்ச் சாப்பிடவில்லை. கேட்டதும் எனக்கு அந்த வண்டியின் மேல் பாசமே வந்துவிட்டது. இந்த வீட்டில் என்னைப் போல இன்னொரு ஜீவன் இருந்திருக்கிறது, அதையும் ஆளாளுக்குத் திருகி வதைத்திருக்கிறார்கள்.

அம்மா சொல்லி விஷயம் தெரிந்ததும் மாமா, பட்டறையில் கொடுக்க வேண்டாம், புது பிளேட்டை வாங்கி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றிவிடுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டார். நான் அதுவரை காத்திருக்கவில்லை. சாப்பிடாத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்து, அம்மாவின் மிளகு ரசம். அந்த ஞாயிறு காலையில் அப்பாவும் அம்மாவும் நடந்தே சந்தைக்குப் போயிருந்தார்கள். மாமா கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு டம்ளரில் ரசத்தை எடுத்துக்கொண்டு போய், தீபாவளிக்கு மாமா திறந்த அதே மூடியைத் திருகித் திறந்தேன்.

“சூடா இருக்கு, மெதுவா குடி” என்று வண்டியிடம் சொன்னேன்.

முதல் டம்ளர் சத்தமில்லாமல் இறங்கியது. பாவம், நல்ல பசி போலிருக்கிறது என்று இன்னொரு டம்ளர் கொண்டுவந்தேன். அவசரத்தில் கொஞ்சம் என் வெள்ளைக் கவுனில் சிந்திவிட்டது. மூடியைப் பழையபடி திருகி வைத்தேன்.

பத்து மணிக்கு மாமா சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். அம்மாவின் அரிசி களையும் பேசினைக் கேட்காமலேயே எடுத்து எஞ்சினுக்கு அடியில் வைத்தார். உள்ளே இருப்பது உயர்ந்த ஆயில், பிடித்து வைத்துக்கொண்டு திரும்ப அதையே ஊற்ற வேண்டும் என்பது அவர் திட்டம். அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார். நுரைக்க ஆற்றிய பால் டீ, அந்தத் தே தாரேக் நிறத்தில் என்னவோ கொழகொழவென்று இறங்கியது. அதன் பின்னாலேயே ஒரு கறிவேப்பிலை வந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பாவும் அம்மாவும் சந்தையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அப்பா அந்த இலையை எடுத்து முகர்ந்து பார்த்தார். சந்தைப் பையோடு நின்ற அம்மாவும் குனிந்து முகர்ந்தார்.

“இது என் ரசம்” என்றார் அம்மா.

காலையில் வீட்டில் இருந்த பெரியவர் மாமா ஒருவர்தான். அவர் முருகன் மேல் சத்தியம் செய்தார், செத்துப்போன தன் அப்பா மேல் சத்தியம் செய்தார். என் அப்பா கோபப்படாத மனிதர். அன்றைக்கு அவரே சத்தம் போட்டார். இந்த வேலையைச் செய்தது யாரென்று தெரியாமல் விடமாட்டேன் என்று சொல்லி எழுந்தார். நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணுக்கு அப்போது பாலோ தெரிந்தது, அத்தை தெரிந்தார், தட்டு நிறையச் சோறும் தெரிந்தது. மாமா சுற்றிலும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“நான்தான் மச்சான் ஊத்துனேன்” என்றார். “புளி போட்டு வெளக்குனா பித்தள பளபளன்னு ஆகுதுல்ல. பிளேட்டு அழுக்குப் போவும்னு ஊத்திட்டேன்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாமா கை கழுவ எழுந்து போகிற வழியில், அழுக்குப் பிடித்த கறுப்புக் கையை என் வெள்ளைக் கவுனில் நன்றாகத் துடைத்துவிட்டுப் போனார். நான் ஓவென்று அழுதேன். அதற்கும் சேர்த்து அம்மா அவரைத் திட்டித் தீர்த்தார்.

அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு, பேசினையும் மாமாவின் ஆயில் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தவுக்கேயிடம் போனார். தவுக்கே கண்ணாடி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாராம். பிறகு பாட்டிலைத் திருப்பி, அதில் போட்டிருந்த கார் படத்தை விரலால் தட்டிக் காட்டினாராம். காருக்குக் கிளட்ச், ஆயில் படாமல் தனியாக இருக்கிறது, இந்த வண்டிக்கு அது ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது, கார் ஆயில் பட்டால் வழுக்கத்தான் செய்யும். அதையே பத்திரமாகத் திரும்ப ஊற்றியிருந்தால் புது பிளேட்டும் வழுக்கியிருக்கும். உள்ளே இருந்ததையெல்லாம் கழுவி, புது பிளேட் போட்டு, சரியான ஆயில் ஊற்றி அனுப்பினார். மறுநாள் அந்தப் பாலத்தில் சீன அம்மாவை நாங்கள் முந்தினோம். இந்த முறை அப்பா கை காட்டினார்.

பாலோவுக்கு நான் போகவில்லை. மாமாவுக்கு ‘ரசம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் ரசம் வந்தால், வண்டிக்கும் ஒரு கரண்டி வேண்டுமா என்று யாராவது அவரைக் கேட்பார்கள். அவரும் கேட்பவரோடு சேர்ந்து சிரிப்பார்.

எனக்கு அன்று ஒன்றுமே விளங்கவில்லை. பெரியவர்களில் மாமா ஒருவருக்காவது, வண்டிக்குப் பசி என்பது தெரிந்து, எனக்கு முன்னாலேயே அவரும் ரசம் ஊற்றியிருக்கிறார் என்றுதான் நம்பினேன். கவுனில் ரசம் சிந்தி மஞ்சளாகியிருந்த அதே இடத்தில் அவர் கை துடைத்திருந்தார் என்பது, நான் வளர்ந்து, என் சொந்த வண்டிக்கு ஆயில் ஊற்றி, கையைத் துடைக்கத் துணி தேடிய ஒருநாள்தான் உறைத்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் நல்ல கவுன் பாழானது மட்டும்தான். அதற்காக இரண்டு வாரம் நான் மாமாவோடு பேசவில்லை.