மாலை போட்ட வீடு

புயல் அடித்துப் பதினோராம் நாள்தான் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. அன்று காலை நாகர்கோவில் முழுக்க மிக்ஸியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடின. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் நான் மூன்று தடவை ஃபேனைப் போட்டு அணைத்துப் பார்த்தேன். வடசேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு அன்றிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. வாழை சாய்ந்தவர்களும் ரப்பர் முறிந்தவர்களும் நிவாரண மனுவோடு வரிசையில் நின்றார்கள். பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வந்த ஒருவர், நனைந்து ஒட்டிப்போன பட்டாவை இட்லியிலிருந்து துணியை உரிப்பதுபோல அத்தனை பதமாகப் பிரித்துக் கொடுத்தாராம்.

பஸ் வந்தது, பால் வந்தது, பேப்பர் வந்தது. மீன்கார அக்கா மட்டும் வரவில்லை. பதினைந்து வருஷமாகக் கடற்கரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, தெருவில் முதல் வீடான எங்கள் கேட்டில் குரல் கொடுக்கிறவர். அவருடைய ஒரே மகன் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஊரில் பாதிப்பேர் மீன் வாங்கவில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. கடலில் எத்தனையோ பேர் கிடக்கும்போது அந்தக் கடலின் மீனை எப்படித் தின்பது என்கிற நினைப்புதான். எனக்கும் அதே குமட்டல் இருந்தது. அதற்கு இரக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை கேட்டில் குரல் கேட்டது.

"டீச்சரே, சாளை இருக்கு. கரையிலருந்தே இழுத்த கரைமடியில பட்டது."

ஆள் பாதியாகியிருந்தார். "மவன்..." என்று இழுத்தேன்.

"வரல்ல மக்கா. லட்சத்தீவுல கொஞ்சம் பேரு கரையேறியிருக்காவளாம். அதுல இருப்பான். மருமவளும் பிள்ளையும் இருக்கில்லா, நான் கெடந்து அழுதா அடுப்பு எரியுமா?"

கூடையை இறக்கக் கைகொடுத்தேன். உள்ளே பளபளவென்று கிடந்த சாளையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்பார். அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சபரிமலைக்கு மாலை போடுகிற காலம் அது. சட்டென்று நாக்கில் வந்துவிட்டது.

"இல்லக்கா... வீட்டுல அவரு மாலை போட்டிருக்காரு."

மாலை போட்ட வீட்டில் மீன் ஏறாது. எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசாத காரணம். அக்கா பதறிப்போனார். "ஐயோ, சாமி இருக்கிய வீடா!" கூடையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் வைத்தார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, கேட்டுக்கு முன்னால் சொட்டியிருந்த மீன் தண்ணீரைத் தன் கையாலேயே கழுவிவிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வந்தார். கூடை இல்லை. குளித்து, துவைத்த சேலை கட்டி, கையில் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். பைக்குள் ஒரு தேங்காய்.

"சாமி எப்போ இருமுடிக் கட்டு நெறைக்காரு? இதுலயும் நெய் நெறைச்சுக் கொண்டு போவச் சொல்லணும். மவனுக்காவ. மாதாகிட்ட சொல்லியாச்சு. மண்டைக்காட்டு அம்மன்கிட்டயும் சொல்லியாச்சு. மலைக்குப் போவத்தான் எனக்கு ஆளில்ல மக்கா."

என் கணவர் அந்நேரம் அடுக்களையில் முட்டை பொரித்துத் தின்றுகொண்டிருந்தார். கோயிலுக்குப் போனால் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற மனுஷன். தட்டை வைக்கும் சத்தம் கேட்டது. கைகழுவி வந்தார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் பூட்டிக்கொண்டு. அக்கா அவரைப் பார்த்து, "சாமி" என்று கும்பிட்டார்.

"கொண்டு போறேன்க்கா" என்று அவர் இரண்டு கையாலும் தேங்காயை வாங்கினார்.

அக்கா போனபிறகு என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். பாயவில்லை. "என்னட்டி இப்பிடிப் பண்ணிட்ட?" என்றார், அவ்வளவுதான். தேங்காயைப் பூஜை அலமாரியில் வைத்தார். மறுநாள் விடியக்காலம் குளித்துவிட்டுப் போனவர், கழுத்தில் மாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியுமாகத் திரும்பி வந்தார். செருப்பில்லாமல் கடைக்குப் போனார். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் சாமி நிற்பதைப் பார்த்து அவர் சிநேகிதர்கள் சிரிசிரி என்று சிரித்தார்களாம். மீனில்லாமல் சோறு இறங்காத மனுஷன், ரசத்தையும் பயறுத் துவரனையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அப்போதுதான்.

மகரவிளக்கு சமயத்தில் மலையேறினார். தை பிறந்து அக்கா மீன்கூடையோடு வந்தபோது, அவர் தந்த தேங்காயில் மலைக்குப் போய் அபிஷேகமாகி வந்த நெய்யைச் சின்னக் குப்பியில் கொடுத்தேன். மகன் அப்போதும் வந்திருக்கவில்லை. குப்பியைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டார்.

"அவன் வந்த ஒடனே குடுக்கேன்" என்றார்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அன்னைக்கு அவரு மாலை போட்டிருக்கல்ல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும் மக்கா." குரலில் கோபமே இல்லை. "நீ சொன்னப்போ நம்பத்தான் செஞ்சேன். ஒங்க தெருவுல ஒண்ணொண்ணா ஏழாவது வீட்டுலயும் மாலைன்னு சொன்னப்போதான் எனக்குப் புரிஞ்சுது."

"பொறவு ஏன்க்கா தேங்காயை இங்க கொண்டு தந்தீங்க?"

"எங்க குடுக்கன்னு ரொம்ப யோசிச்சேன். பொய் சொல்லும்போ மொகம் வாடினது ஒனக்கு மட்டுந்தான்."

நான் உள்ளே போய், இத்தனை நாளும் கவிழ்த்தே வைத்திருந்த மீன்சட்டியைக் கழுவி எடுத்துவந்து நீட்டினேன்.